தோப்பு வழி

அன்று விடியற்காலையில் காத்தாயி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வந்தாள். மஞ்சள் நிற பிளாஸ்டிக் குடம். கழுத்தில் விட்டிருந்த கீறலை அவள் புருஷன் வைரக்கண்ணு கம்பியைக் காய்ச்சி ஒட்டியிருந்தார். ஊராட்சித் தலைவர் வீட்டுக் குடம் என்று காலனியில் யாரும் அதற்கு இடம் விடுவதில்லை. அவளும் கேட்பதில்லை. ஐந்து மணிக்கே போய் வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துவிட்டு வந்து, அடுப்பில் கேப்பைக்கு உலை வைப்பாள்.

வைரக்கண்ணு வால்வு திருப்பும் நீளச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினார். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவதும் வால்வு திருப்புவதும் பதினான்கு வருஷமாக அவருடைய வேலை.

"யோவ், இன்னைக்காச்சும் காலனி வால்வ கொஞ்சம் முன்ன திருப்பேன். ஏரி வேலைக்கு ஆளு எடுக்கணும், வெயில் ஏறிப்புடும்."

"ஊரு முடியட்டும்."

"ஊரு எப்ப முடியும்?"

"ஏழே காலுக்கு."

"தலைவரு சொல்றேன், திருப்பு."

"எழுத்துல குடுங்க தலைவரே, பாக்கலாம்."

அவள் சிரித்தாள். வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே சிரித்தாள். நாலைந்து நாளாகத் தோள் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முந்திரிக்கொட்டை மூட்டை தூக்கியதில் சுளுக்கியிருக்கும் என்று அவர் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார். சிரிப்பு முடிவதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிட்டார்.

ஒன்பதரை மணிக்கு ஏரியிலிருந்து ஆள் ஓடி வந்தது. நூறு நாள் வேலைக்காரர்களுக்கு இடம் அளந்து விட்டுக்கொண்டிருந்தவள் கரையில் உட்கார்ந்தாளாம், தண்ணீர் கேட்டாளாம், கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டாளாம். ஆம்புலன்ஸில் ஜெயங்கொண்டம் போவதற்குள் முடிந்துபோயிருந்தது. டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, வயசு என்ன என்று கேட்டார். நாற்பத்தெட்டு என்று வைரக்கண்ணு சொன்னார். 

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவளை வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது வைரக்கண்ணு அவள் விரல் நுனிகளைப் பார்த்தார். கொட்டை உடைத்து உடைத்து, ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் வழுவழுவென்றிருந்தன. ரேஷன் கடை மிஷினில் அவள் விரல் ஒரு நாளும் விழுந்ததில்லை. அந்த விரல்களால்தான் நாலேகால் வருஷம் விளாங்காட்டூர் ஊராட்சிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

அவளைத் தலைவராக்கியவர் தோப்புக்காரர். பெயர் முத்தமிழ்செல்வன். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பங்காளி, மீதிப் பேருக்கு மாமன். காலனிக்கு மட்டும் தோப்புக்காரர். ஓடைக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் இருபத்திரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு அவருடையது. காத்தாயி பன்னிரண்டு வயதிலிருந்து அங்கே கொட்டை பொறுக்கியவள். தலைவர் பதவி அந்தத் தடவை காலனிப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், அவர் காரை எடுத்துக்கொண்டு காலனிக்கே வந்தார்.

"காத்தாயி, நீ நில்லு."

"எனக்கு என்னங்கய்யா தெரியும்?"

"எட்டாவது படிச்சிருக்கல்ல. கையெழுத்துப் போடுவல்ல. மத்தத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மனு எழுதியது, ஓட்டுக் கேட்டது, ஜெயித்ததும் மாலை போட்டது எல்லாம் அவர்தான். அவர் துணைத் தலைவர் ஆனார். ஆண்டிமடம் ஒன்றிய ஆபீசுக்கும் அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கும் அவர் காரில்தான் அவள் போவாள். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் அவளும் பைல்களும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: முதல் கூட்டத்தில் அவள் நாற்காலியில் உட்காரத் தயங்கி நின்றபோது, ஊர்க்காரர்கள் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, தன் துண்டால் நாற்காலியைத் தட்டி உட்கார வைத்தவர் அவர்தான்.  ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் அவள் நிற்பாள். ஆபீசுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே நூறடி தூரம்கூட இராது.

வைரக்கண்ணு தோப்புக்காரருக்குப் பட்ட கடன் வேறு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வைரக்கண்ணுவின் அப்பா செத்தபோது மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஓடைக்கரைச் சுடுகாட்டுக்குச் சாலை வழியாகப் பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்களை ஊர் முக்கில் மறித்துவிட்டார்கள். மேளம் அடிக்கக் கூடாது என்றார்கள், பிறகு இந்த வழியே கூடாது என்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாடையைச் சாலையில் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் நின்றார்கள். ஈரத்தில் அப்பாவின் முகத்துச் சந்தனம் கரைந்து காதோரம் வழிந்ததை வைரக்கண்ணு துடைத்துத் துடைத்து விட்டார். அப்போதுதான் தோப்புக்காரர் புல்லட்டில் வந்து, "எந்திரிங்கடா, என் தோப்பு வழியா போங்க, எவன் கேக்குறான்னு பாக்கறேன்" என்றார். தன் கையாலேயே வேலி முள்ளை இழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். காலனியில் சாவு விழுந்தால் முதல் வேலையாக ஒரு ஆள் தோப்புக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஆள் அனுப்பி முள் படலை எடுக்கச் சொல்வார். புதைத்துவிட்டு வந்ததும் படலைத் திரும்பச் சாத்திவிடுவார்கள். இதுவரை ஒருவருக்குக்கூட அவர் இல்லை என்று சொன்னதில்லை. போய்ச் சொல்கிற ஆள் எப்போதும் வைரக்கண்ணுதான். வால்வு திருப்பப் போகிற வழியில்தான் அவர் வீடு.

காத்தாயி தலைவராகி இரண்டு வருஷம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் கேட்டாள்.

"அய்யா, தோப்புல பன்னெண்டடி சுடுகாட்டுப் பாதைக்குன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, ஊராட்சிப் பாதைன்னு போட்டுடலாம்."

"எதுக்கு? இப்ப எவனாச்சும் உங்கள மறிக்கிறானா?"

"இல்லீங்க."

"நான் என்னைக்காச்சும் இல்லேன்னனா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன. நான் இருக்கற வரைக்கும் அது உங்க வழிதான்."

வீட்டுக்கு வந்து கூழைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: "அவரு இருக்கற வரைக்கும்ங்கறாரு. அதுதான்யா எனக்குப் பயமே."

அப்புறம் ஒரு திங்கட்கிழமை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி அரியலூர் போய், கலெக்டரிடம் மனுக் கொடுத்தாள். தன் கையால் எழுதிய மனு. அவள் திரும்பி வந்து விளாங்காட்டூரில் பஸ் இறங்குவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. தோப்புக்காரர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மட்டும் கார் வரவில்லை.

அந்த மாசக் கடைசியில் மோட்டார் காயில் எரிந்துபோனது. அதை மாற்றத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டுவிட்டாள். அவர் போடவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு இருந்தது. காலனிதான் பதினொரு நாள் தண்ணீருக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தது. வைரக்கண்ணுவால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. காத்தாயியின் அண்ணன் மதுரைவீரன் தங்கச்சி வீட்டு வாசலிலேயே வந்து நின்று பேசினார்.

"அவர பகைச்சுக்கிட்டு நீ என்னா தலைவரு? குடிக்கத் தண்ணியில்ல, செத்தா போறதுக்குப் பாதை கேக்குறா."

பன்னிரண்டாம் நாள் அவள் தோப்புக்காரர் வீட்டுக்குப் போய் நின்றாள். அவர் உடனே பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு என்னம்மா கோவம்? நீ வந்து கேக்கல, நான் போடல. அவ்வளவுதான்." அவர் வீட்டம்மா சாந்தா, முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்து அனுப்பினார்.

அந்தப் பொட்டலத்தை அவள் பிரிக்கவேயில்லை. ஒரு வாரம் கழித்துத் தோப்பில் கொட்டை பொறுக்கும்போது வைரக்கண்ணுவிடம் சொன்னாள். பழுத்து விழுந்த முந்திரிப்பழம் காலடியில் நசுங்கிப் புளிப்பு வாடை ஏறிக்கிடந்தது.

"யோவ், நான் செத்தா என்ன ரோட்டு வழியா தூக்கிட்டுப் போ."

"ஆமா, நாளைக்கே சாவப் போற."

"சுத்துனாலும் பரவால்ல. பாதை பட்டாவுல ஏறிட்டா இப்படிப் போவலாம். ஏறலேன்னா ரோடுதான். நீ போயி அவரு வாசல்ல நிக்காத. ஒரு சாவுக்காச்சும் நிக்காத இரு."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. பொறுக்கு."

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

பெஞ்சில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழத் தொடங்கியதும் வைரக்கண்ணுவுக்கு அங்கே செய்ய எதுவுமில்லை. முகத்தைக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். நடந்தார். எங்கே போகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. அந்த மாதிரி நாளில் அடுத்து எங்கே போக வேண்டுமென்று கால்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் முப்பது நாற்பது சாவுக்கு அப்படித்தான் நடந்திருந்தார். தோப்புக்காரர் வீட்டு இரும்புக் கேட்டின் சூடு கையில் பட்டபோதுதான் நினைவு வந்தது. கையை எடுத்தார். அதற்குள் நாய் குரைத்து, உள்ளேயிருந்து அவர் வந்துவிட்டார்.

"என்ன வைரம், யாரு?"

சாவுக்குத்தான் அந்த நேரத்தில் வைரக்கண்ணு வருவார் என்று அவருக்கும் தெரியும்.

"காத்தாயிங்கய்யா."

தோப்புக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் திருமழபாடியில் கோயிலில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நெற்றியில் விபூதி கலையாமல் இருந்தது. அப்படியே கேட்டை ஒட்டிய மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முந்தாநேத்துகூட போன்ல என்கிட்ட மல்லுக்கு நின்னாளேடா. ஏரிக்கரைக்கு மண்ணு பத்தலேன்னு."

வைரக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப எடுக்கறீங்க?"

"பொண்ணு பெரம்பலூர்லேருந்து வரணுங்க. அஞ்சு மணிக்கு."

"போ. நான் ஆளவுட்டு முள்ள எடுக்கச் சொல்றேன். டிராக்டர வுட்டு சருக நெரவச் சொல்றேன். நீ ஒண்ணும் யோசிக்காத."

அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை. வைரக்கண்ணுவின் வாய் பழகிய வார்த்தையைச் சொல்லியது.

"சரிங்கய்யா."

திரும்பி வரும்போது தொட்டியடியில் நின்றார். வால்வுக் குழியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து கிடந்தது. ஒரு குருவி குடித்துக்கொண்டிருந்தது. அது பறக்கிற வரை நின்றார்.

இரண்டு மணிக்கு வெற்றிச்செல்வி வந்தாள். பெரம்பலூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறியிருந்தாள். அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகு எழுந்து வந்து, பந்தல் கால் ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த வழியாப்பா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பா."

"தோப்புக்காரர் முள்ள எடுக்கச் சொல்லிட்டாரு."

"அவருக்கு யாரு சொன்னா?"

"நான்தான்."

"கேட்டியா?"

"கேக்கல. செத்துப்போச்சுன்னு சொன்னேன். கால் பாட்டுக்குப் போயிட்டுதும்மா. கேட்டத் தொடும்போதுதான் தெரிஞ்சுது."

 வெற்றிச்செல்வி கோட்டின் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தாள்.

"அம்மா என்கிட்ட போன்ல சொல்லியிருக்குப்பா. ஒன்கிட்டயும் சொன்னேன்னு சொல்லிச்சு. அப்பா சரின்னாரு, ஆனா அது வாயளவு சரிதான்னு சொல்லிச்சு."

வைரக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாடை கட்டிக்கொண்டிருந்த மதுரைவீரன் காதில் இது விழுந்துவிட்டது. அரிவாளும் கையுமாக வந்தார்.

"என்னா புள்ள பேசுற? அவரு தொறந்து வச்சாச்சு. டிராக்டர் ஓடுது, சத்தம் கேக்கல?"

"கேக்குது மாமா."

"அப்புறம்? ரோட்டு வழின்னா ஊர் முக்க தாண்டணும். பாலத்துக்குப் போயி, ஓடை மணல்ல எறங்கி நடக்கணும். மூணரை கிலோமீட்டரு. பங்குனி வெயிலு. ஒங்கம்மா என்ன முன்ன மாதிரி லேசாவா இருந்தா? தலைவரு ஆனதுலேருந்து மீட்டிங்குக்கு மீட்டிங்கு போண்டாவும் டீயும். எவன் தூக்குறது?"

சொல்லிவிட்டு அவரே அழுதார். தங்கச்சியைத் தோளில் வைத்து வளர்த்தவர்.

"மாத்தி மாத்தித் தூக்கலாம் மாமா. நானும் தூக்கறேன்."

"பொம்பளப் புள்ள தூக்குவியா? நல்லாருக்கு. ஊர் முக்குல மறிச்சான்னா?"

"மறிக்கட்டும். தலைவரு சாவு இது. ஒன்றிய ஆபீசுலேருந்து மால எடுத்துக்கிட்டு வராங்க. அவங்களும் கூட நடக்கட்டும்."

"தோப்புக்காரர் மொகத்துல எப்படி முழிக்கிறது? ஒந் தாத்தன நடு ரோட்டுல எறக்கி வச்சப்ப அவரு வல்லேன்னா இன்னைக்கு நாம எல்லாம் எங்க? மாப்ள, நீ சொல்லு. ஒங்கப்பன்."

எல்லாரும் வைரக்கண்ணுவைப் பார்த்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடக் கொஞ்சம் நிறுத்தினார்கள். அவர் துண்டை எடுத்தார். அந்த மனிதரை அவமானப்படுத்த அவருக்கு மனசில்லை. அது உண்மை. அப்பாவின் காதோரத்தில் வழிந்த சந்தனம் இப்போதும் விரலில் பிசுபிசுத்தது. ஆனால் அந்தக் கடனை இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு சாவுக்கும் போய் நின்று தீர்த்தாகிவிட்டது என்று தோன்றியது. தீரவில்லை என்றால் இனி எதிலும் தீராது. பெஞ்சில் கிடந்தவளைப் பார்த்தார். வாயை மூடக் கட்டியிருந்த துணி கன்னத்தில் கொஞ்சம் இறுகி, அவள் எதற்கோ பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

"அது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் மச்சான் கேட்டுச்சு," என்றார். "ரெண்டு கேட்டுச்சு. வால்வ முன்ன திருப்புன்னு தெனம் கேட்டுச்சு. அதத்தான் செய்யல."

மதுரைவீரன் அரிவாளைப் பார்த்தார். பிறகு பாடையைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கம்பு பத்தாது," என்றார். "தூரம் போவணும்னா கெட்டியா கட்டணும். டேய், இன்னும் ரெண்டு மூங்கி எடுத்தா."

ஐந்து மணிக்குத் தூக்கினார்கள். மேளம் முன்னால் போனது. காலனி எல்லையில் வலது பக்கம் முந்திரித் தோப்பு. படல் எடுக்கப்பட்டு வேலி பத்தடிக்குத் திறந்து கிடந்தது. சருகை ஒதுக்கி, செம்மண் தெரிய, மரத்துக்கு மரம் நடுவே பாதை மாதிரியே போட்டிருந்தார்கள். தூசி அடங்க மேலே தண்ணீர்கூடத் தெளித்திருந்தது. திறப்பின் ஓரத்தில் தோப்புக்காரர் நின்றார். கையில் பெரிய ரோஜா மாலை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

மேளக்காரர்கள் ஒரு கணம் தயங்கி மதுரைவீரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைச் சாலைப் பக்கம் அசைத்தார். மேளம் சாலையில் திரும்பியது.

வைரக்கண்ணு தீச்சட்டியோடு முன்னால் நடந்தார். தோப்புக்காரரைக் கடக்கும்போது தலைநிமிர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். முடியவில்லை. அந்த வெறும் கால்களைத்தான் பார்த்தார். மாலையிலிருந்து ஒரு இதழ் உதிர்ந்து அந்தக் காலின் பக்கத்தில் கிடந்தது.

சாலையில் இன்னும் சூடு தணியவில்லை. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிக்காமல் ஓரம் கட்டி நிறுத்தினான். தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். வெற்றிச்செல்வி கடைக் கோட்டை இடுப்பில் முடிந்துகொண்டு பின்கம்புக்குத் தோள் கொடுத்தாள். பெண்கள் காலனி எல்லை வரைக்கும்தான் வருவது வழக்கம். அன்று யாரும் நிற்கவில்லை.

ஊர் முக்கில் இரண்டு டீக்கடை, ஒரு சலூன், ஒரு உரக்கடை. மேளச் சத்தம் கேட்டதும் உரக்கடைக்காரர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். முக்கால்வாசிப் பேர் அசையாமல் பார்த்தார்கள். வைரக்கண்ணு சாலையைப் பார்த்தார். அப்பாவை இறக்கி வைத்த இடம் இதுதான். அப்போது மண் சாலை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் யாருடைய அப்பா என்றுகூட வைரக்கண்ணுவுக்கு நினைவு வரவில்லை. அவர் நின்றதும் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். யாரும் மறிக்கவில்லை. யாரும் கூட வரவும் இல்லை. மேளம் நிற்காமல் கடந்தது.

பாலத்தடியில் இறங்கி, காய்ந்த ஓடை மணலில் கால் புதையப் புதைய நடந்து, சுடுகாடு சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. எல்லாரும் நாக்கு வறண்டிருந்தார்கள்.

தோப்புக்காரர் அங்கே ஏற்கெனவே இருந்தார். தோப்பு வழியாகப் பத்து நிமிஷத்தில் வந்திருப்பார். வேப்பமரத்தடியில் ரோஜா மாலையோடு தனியாக நின்றார். ஒன்றிய ஆபீஸ்காரர்கள் வணக்கம் வைத்தார்கள். அவர் பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

குழியருகே இறக்கி வைத்ததும் அவர் வந்தார். மாலையைக் காத்தாயியின் மார்பில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு வைரக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"தொறந்து வச்சிருந்தேன் வைரம்."

"பாத்தேங்கய்யா."

"தண்ணியெல்லாம் தெளிச்சு வச்சிருந்தேன்."

"பாத்தேங்க."

"நான் என்ன கொற வச்சேன்? அத மட்டும் சொல்லு."

அவர் உண்மையாகவே கேட்டார். வைரக்கண்ணுவுக்கு அது புரிந்தது. 

"ஒரு கொறையும் வக்கலீங்கய்யா. கேக்காம போவணும்னு அது சொல்லிட்டுப் போயிட்டுது. அவ்வளவுதாங்க."

 அவளைக் குழிக்குள் இறக்கியதும் தோப்புக்காரர் ஒரு பிடி மண் போட்டார். தோப்புக்குள் திரும்பி நடந்தார். வெகுநேரம் வரை சருகு மிதிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பால் தெளிக்கப் போன மூன்றாம் நாள், வேலியில் படல் சாத்தியிருந்தது. புது முள்.

வெற்றிச்செல்வி பதினாறாம் நாள் முடிந்து பெரம்பலூர் போனாள். கூட வந்துவிடும்படி அப்பாவைக் கூப்பிட்டாள். மோட்டார் யார் போடுவது என்று கேட்டார். அவள் வற்புறுத்தவில்லை. துணைத் தலைவர் என்ற முறையில் தோப்புக்காரரே பொறுப்பைப் பார்த்தார். எட்டு ஒன்பது மாசத்தில் பதவிக்காலமும் முடிந்து, தனி அலுவலர் வந்தார். ஆபீஸ் பலகையில் தலைவர் பெயரை அழிக்க யாருக்கும் நேரமில்லை. வீட்டில் ஒற்றை ஆளுக்குச் சமைப்பது வைரக்கண்ணுவுக்குக் கடைசிவரை அளவு பிடிபடவில்லை. தினமும் கூழ் மிஞ்சியது. ஒரு நாள் அரியலூரிலிருந்து காத்தாயி பெயருக்குத் தபால் வந்தது. பன்னிரண்டடிப் பாதை குறித்த தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்றிருந்தது. தங்கள் என்ற வார்த்தையை அவர் இரண்டு மூன்று தடவை படித்தார். முந்திரிப் பருப்புப் பொட்டலம் இருந்த டப்பாவில் அதையும் மடித்து வைத்தார்.

மறு வருஷம் ஐப்பசியில் காலனியில் ஒரு சாவு விழுந்தது. ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது; மணலில் இறங்கி நடக்க வழியில்லை. மதுரைவீரன் வந்து வைரக்கண்ணுவின் வாசலில் நின்றார். பிறகு, வைரக்கண்ணுவைக் கூப்பிடாமல், தானே தோப்புக்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். படல் திறந்தது. வைரக்கண்ணுவும் தூக்கினார். நனைந்த முந்திரி இலையிலிருந்து தோளில் தண்ணீர் சொட்ட, தோப்பு வழியாகத்தான் போனார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அவர் மஞ்சள் குடத்தைக் குழாயடியில் வரிசையில் வைத்தார். சாவியோடு தொட்டிக்குப் போனார். ஐந்தரை மணிக்கு ஊர் வால்வைத் திறந்தார். பிறகு கொஞ்சம் நின்று, காலனி வால்வையும் சேர்த்துத் திறந்தார். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை. இத்தனை நாளும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார். குழாய் காற்றை மட்டும் விட்டது. ஆறானது. ஆறரையானது. காலனி மேட்டில் இருந்தது. பள்ளத்தில் ஊர்க் குழாய்கள் திறந்திருக்கிற வரைக்கும் தண்ணீர் மேடேறவில்லை. குடத்துக்குள் ஒரு எறும்பு சுற்றிச் சுற்றி வந்தது. ஊரில் ஒவ்வொரு வீடாக அடைத்து முடித்த பிறகு, குழாய் இரண்டு தடவை செருமிவிட்டுச் செந்நிறமாகக் கொஞ்சம் கொட்டி, பிறகு தெளிந்து, மெல்லிய நூலாக விழத் தொடங்கியது.

அவர் போனை எடுத்து மணி பார்த்தார். ஏழே கால்.